காலியாக விட முடியாத கட்டம்

ஒன்பதரைக்கு நந்திதா மூங்கில் மணியை ஆட்டினாள், ஆட்டியதுமே பதினெட்டுப் பிள்ளைகளும் தண்ணீர்த் தொட்டிக்கும் மண்ணில் சமைத்து விளையாடும் அடுப்படிக்குமாகச் சிதறி ஓடின, வசுமதி வேப்பமரத்தடியில் கிடந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்து நின்றன. நாற்பத்து நாலு வயதுக்காரியை மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலியில் உட்காரவைத்து அதற்கு ஒரு விளக்கமும் கொடுப்பார்கள், குழந்தையின் கண்மட்டத்துக்கு நாம் இறங்கி வரவேண்டுமாம். நந்திதாவுக்கு மட்டும் தாழ்வாரத்தில் பிரம்பில் சாய்வு நாற்காலி உண்டு, அவள் லீட் டீச்சர், இறங்குவதெல்லாம் அசோசியேட் டீச்சரின் வேலை. அசோசியேட்! வாயில் போட்டு மென்றால் கேக் மாதிரி இருக்கிறது. மூக்குத் துடைப்பது, குண்டி கழுவுவது, நனைந்த ஜட்டியைப் பிழிந்து பெயர் எழுதிய பையில் போடுவது, கடித்தவனையும் கடிபட்டவனையும் பிரிப்பது, இத்தனையையும் சேர்த்து முடிந்து அசோசியேட் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது, பள்ளிக்கூடம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. இது பட்டாணி. சாயிபாபா காலனியில் ஒரு பழைய வீட்டைப் பிடித்து, மதிலில் பச்சைப் பட்டாணியாக வரைந்து, உள்ளே கொட்டாங்குச்சியும் சோடா மூடியும் பழைய டயரும் போட்டு வைத்துவிட்டால் அது வெளி, கற்றல் வெளி. ஆட்டோக்காரர் மட்டும் இன்னமும் 'ஸ்கூலுக்குங்களா' என்றுதான் கேட்கிறார், நல்ல மனுஷன். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் அக்கா, அது ஒரு கொள்கை, அதனால் இருபத்தொன்பது வயது நந்திதாவை வசுமதி வாய் கூசாமல் நந்து அக்கா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், மூன்று வருஷமாக. மணி ஒன்பது முப்பத்தைந்து. பதினோரு மணிக்கு நறுமுகையின் அப்பா அம்மா வருகிறார்கள்.

வரட்டுமே, என்ன இப்போ. வருஷத்துக்கு ஒரு தரம் எல்லாப் பெற்றோரும்தான் வருகிறார்கள், ஃபைலைப் பிரித்துப் போட்டோ பார்த்து, அய்யோ செல்லமே என்று உருகிவிட்டுப் போகிறார்கள். மணலைக் கிளறினால் விஞ்ஞானி, இலையை உதறினால் கவிஞர், அடுத்த பிள்ளையின் தலையில் மண்ணைக் கொட்டினால் தலைமைப் பண்பு, அதுகளைப் பெற்றதுகளும் இதையெல்லாம் நம்புகின்றன, பெரிய பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறதுகள், நம்புகின்றன. அடேயப்பா, நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. ஆனால் நம்பும்படி எழுதியவள் யார், அதையும் சொல்லிவிடு வசுமதி, ஒளிக்காதே. வாரத்துக்கு ஒரு கவனிப்புக் குறிப்பு, பிள்ளைக்கு ஒன்று, பதினெட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு, எல்லாம் அவள் தலையில். போனில் அதற்கென்று ஒரு ஆப், அனுப்பினால் பெற்றோரின் போனுக்குப் போய்விடும். அதில் முதல் கட்டம், குழந்தை என்ன செய்தது. இரண்டாவது, அதிலிருந்து நாம் புரிந்துகொண்டது. மூன்றாவது, குழந்தையின் குரல், அதாவது பிள்ளை தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியம். இந்த மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் ஆப் ஏற்றுக்கொள்ளாது, சிவப்பாக எழுத்து வரும். பேசுகிற பிள்ளை என்றால் சரி, அதுகளின் வாயை மூடுவதுதான் கஷ்டம். பேசாத பிள்ளைக்கு? நறுமுகை அழுவாள், சிரிப்பாள், 'ஆ' என்பாள், கையைப் பிடித்து இழுத்துப்போய் வேண்டியதைக் காட்டுவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். முதல் வாரம் வசுமதி அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள். இரண்டாவது வாரமும் புள்ளி. நந்திதா கூப்பிட்டு, 'என்ன வசு அக்கா இது, வெறும் புள்ளியா? பேசாத குழந்தைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. குழந்தை எப்பவும் பேசிட்டேதான் இருக்கு, நமக்குத்தான் அதைக் கேக்கற காது வேணும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்டிராவில் இளநீர் குடித்தாள். சரிம்மா தாயே, காதுதானே வேணும், என்று வசுமதி அன்றைக்கே ஒரு வாக்கியத்தைக் கேட்டாள். 'மழை வீட்டுக்குப் போனா அதுக்கு யாரு கதவு திறப்பா?' ஆகஸ்ட் மாசம், தூறல், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பீளமேடு வருவதற்குள் எழுதி முடித்துவிட்டாள்.

அந்த ஒரு வரிக்கு என்ன வரவேற்பு! நந்திதா அதைப் பெரிதாக அச்சடித்து நுழைவாசலில் மாட்டினாள், கீழே 'நறுமுகை, 3 வயது 2 மாதம்'. அட்மிஷன் கேட்டு வருகிற ஜனமெல்லாம் அதன் முன்னால் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொள்ளும். வசுமதிக்கு முதலில் சிரிப்பாக வந்தது, அப்புறம் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, பொய் சொல்வானேன், வந்தது. பி.ஏ. சரித்திரம் படித்துவிட்டு ஊரான் பிள்ளைக்கு ஜட்டி மாட்டுகிறவளின் வாக்கியம் சட்டம் போட்டுத் தொங்குகிறது, அடியில் வேறொருத்தி பெயர் இருந்தால் என்ன. அடுத்த வாரம் இன்னொன்று. 'எறும்புக்கு டாட்டா சொன்னேன், அது பிஸி.' அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இதுவரைக்கும் இருபத்தாறு. அவளுக்கு இது புதுசும் இல்லை. மாமனார் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் படுத்துக் கிடந்தபோது யார் பார்க்க வந்தாலும் அவள்தான் காப்பியைக் கையில் கொடுத்து, 'நேத்துதான் உங்களைப் பத்திக் கேட்டார்' என்பாள். கிழவர் யாரையும் கேட்கவில்லை, வாய் கோணிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் வந்தது? ஒன்றும் இல்லை. புருஷன் சுகுமாரும் அப்படித்தான், சாப்பிடும்போது ஒரு வார்த்தை கிடையாது, போனைப் பார்த்துக்கொண்டே பிசைவார், 'குழம்பு நல்லா இருந்துச்சாம்' என்று அவளே அவள் அம்மாவிடம் சொல்லிக்கொள்வாள். வாய் திறக்காத ஜீவன்களுக்கெல்லாம் வசனம் எழுதுவதே தன் ஜாதகம் என்று நினைத்திருந்தாள், நேற்று சாயங்காலம் கேட்டில் நறுமுகையின் அம்மா சிந்துஜா கையைப் பிடித்துக்கொள்கிற வரைக்கும்.

சும்மா பிடித்துக்கொள்ளவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், உள்ளங்கை வேர்த்திருந்தது. 'வசு அக்கா, உங்ககிட்ட மட்டும் எப்படிங்க்கா பேசறா? வீட்ல ம்மான்னு ஒரு சத்தம், அதோட சரி. என்ன பண்ணுறீங்கன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்களேன். நான் அம்மாதானேங்க.' வசுமதி பல்லைக் காட்டினாள். அவள் விடவில்லை. 'ஆகஸ்ட்ல டாக்டர் காது டெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுதியே குடுத்தாருங்க்கா. தேதி எல்லாம் வாங்கியாச்சு. அன்னைக்குக் காலைலதான் உங்க ஆப்ல அந்த மழை வந்துச்சு. இவ்வளவு அழகாப் பேசற பிள்ளைக்கு எதுக்குடி டெஸ்ட்டுன்னு அவங்கப்பா கேன்சல் பண்ணிட்டார். எங்ககிட்டத்தான் பேச மாட்டேங்குறா, ஏதோ கோபம் போல.' சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. கோபமாம். மூணேமுக்கால் வயசுப் பிள்ளைக்குப் பெற்றவள் மேல் கோபமாம். முட்டாள், என்று வசுமதி மனசுக்குள் திட்டினாள், படித்த முட்டாள், உன் பிள்ளையை உனக்குத் தெரியாதா, போனில் வந்ததை நம்பி டாக்டரை விடுவாயா, என்று அவளை வைது முடிக்கும்போதே பஸ் வந்துவிட்டது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், இந்த வாரத்துக்கு எழுதவேண்டியது பாக்கி இருந்தது, ஒரு வரியும் வரவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று விரலை மடக்கிப் பார்த்தாள். பிப்ரவரி வரைக்கும் ஏழு விரல். ராத்திரி சுகுமாரிடம் சொல்லலாமா என்று ஒரு யோசனை, அவர் என்ன சொல்லிவிடப் போகிறார், அவருக்கும் சேர்த்து இவளே பதில் சொல்லிக்கொண்டு தூங்கினாள்.

'வசு அக்கா!' தாழ்வாரத்திலிருந்து நந்திதா. அவள் கத்த மாட்டாள், பாடுவாள். 'முகையோட ஃபைல் ரெடிதானே? அந்த மழையை முதல் பக்கத்துல வெச்சிடுங்க. அப்புறம் ஜூன்ல வடவள்ளி பிராஞ்ச் ஆரம்பிச்சதும் நான் அங்கே போயிடுவேன், இங்கே லீட் நீங்கதான், அதையும் இன்னைக்குப் பேரன்ட்ஸ்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். ஓகேயா?' ஓகே நந்து அக்கா. லீட் டீச்சர் வசுமதி. அந்தப் பிரம்பு நாற்காலி, முதுகைச் சாய்த்து, காலை நீட்டி. எவ்வளவு கேவலம் பார், ஒரு நாற்காலிக்கு மனசு இப்படி நாக்கைத் தொங்கப்போடுகிறது. ஆனால் மூன்று வருஷம் இந்த முழங்காலோடு குந்தியிருந்தது யார், இவளா, இளநீர்க்காரியா? யோசித்துப் பார்த்தால் நந்திதாதானே கேக்கிற காது வேணும் என்று சொன்னவள். ஆப்பைச் செய்தவன் எவனோ பெங்களூர்க்காரன், காலியாக விடக் கூடாது என்று வைத்தவன் அவன். நம்பியது அவர்கள். கேன்சல் பண்ணியது அந்த ஆள். எல்லோருக்கும் பங்கு உண்டு, வசுமதிக்கு மட்டும் என்ன தனியாக, என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஃபைலில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கிறது, கவனித்தவர்: வசுமதி. கவனித்தாளாம், கிழித்தாள். நறுமுகை இப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கரண்டியால் தண்ணீர் மொண்டு ஒரு டப்பாவில் ஊற்றி, அது நிரம்பியதும் கவிழ்த்துவிட்டு மறுபடி மொண்டாள், ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் செய்வாள். மூங்கில் மணி அடித்தால் கடைசியாக எழுந்திருப்பவள் அவள்தான், மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்த பிறகு எழுந்திருப்பாள், அதற்குக்கூட ஒரு குறிப்பு எழுதியாகிவிட்டது, 'தன் காரியத்தில் ஆழ்ந்து போகும் குழந்தை'. அப்புறம் வசுமதி பேசினால் அவள் முகத்தையே பார்ப்பாள், கண் கொட்டாமல், உதட்டையே. என் மேல் அவ்வளவு பாசம் இந்தப் பிள்ளைக்கு என்று வசுமதி வாசல் பெருக்க வரும் ஆயாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

மண் அடுப்படியில் கவின் என்கிற தடியன், நாலு வயசு, பழைய எவர்சில்வர் தட்டு அடுக்கியிருந்த ஸ்டாண்டில் ஏற ஆரம்பித்தான். ஏறாதே என்று சொல்லக் கூடாது. 'உன் கால் எங்கே இருக்குன்னு பாரு கவின்' என்று சொல்லவேண்டும், அதுதான் இங்கே சாஸ்திரம், வசுமதி அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டாண்டு சாய்ந்தது. இருபது தட்டு, பத்து டம்ளர், ஒரு குக்கர் மூடி, எல்லாம் சிமெண்டுத் தரையில் மொத்தமாக விழுந்தன. அம்மாடி, என்ன சத்தம். வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, நந்திதா இளநீரை மேலே கொட்டிக்கொண்டாள், பதினேழு பிள்ளைகளும் திரும்பின, ரெண்டு அழ ஆரம்பித்தன. நறுமுகை தண்ணீர் மொண்டாள். விழுந்த இடத்துக்கும் அவளுக்கும் நாலு அடிகூட இல்லை. டப்பாவில் ஊற்றினாள், நிரம்பியதைப் பார்த்தாள், கவிழ்த்தாள். ஒரு தட்டு உருண்டுபோய் அவள் பாதத்தில் முட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தாள், இது எங்கேயிருந்து வந்தது என்கிற மாதிரி, பிறகு நிமிர்ந்து வசுமதியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கவினுக்கு அடி ஒன்றும் இல்லை, அவனுக்கு எதுவும் ஆகாது. வசுமதி எழுந்துபோய் நறுமுகைக்குப் பின்னால் நின்றாள். 'முகை' என்றாள். 'முகை.' கையைத் தட்டினாள். 'நறுமுகை, ஏ கண்ணு, சாக்லேட் வேணுமா?' ரெண்டு தட்டை எடுத்து ஒன்றோடொன்று மோதினாள், தன் பல்லே கூசியது. பிள்ளையின் பின்னந்தலையில் பூனைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது, அது அசையவில்லை. எட்டு மாசமாக இந்தப் பிள்ளையைத் தூக்கியிருக்கிறாள், கழுவியிருக்கிறாள், சோறு ஊட்டியிருக்கிறாள், தாலாட்டுகூடப் பாடித் தூங்கவைத்திருக்கிறாள். யாருக்குப் பாடினாய் வசுமதி? கேக்கிற காது உனக்கு வேணும் என்று அலைந்தாயே, அந்தக் காது இருக்கிறதா என்று ஒரு நாள் பார்த்தாயா? கவனித்தவர், வசுமதி. த்தூ.

பத்து மணிக்குப் பழம் கொடுத்தாள், பத்தேகாலுக்கு ரெண்டு பேருக்கு ஜட்டி மாற்றினாள், கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பத்தரைக்குக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். குழந்தை என்ன செய்தது: தட்டு விழுந்த சத்தத்துக்குத் திரும்பவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. நாம் புரிந்துகொண்டது: நறுமுகைக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். குழந்தையின் குரல் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள். இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று சிவப்பாக எழுத்து வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி சிவப்பு. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, பக்கத்தில் நின்ற பிள்ளை மிரண்டது. சரி, சுலபமாக ஒரு வழி இருக்கிறதே. எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம், 'எதுக்கும் ஒரு தடவை காதைப் பாத்துடுங்க, மனசுக்குத் திருப்தியா இருக்கும்' என்று நைசாகச் சொல்லிவிடலாம். நல்ல யோசனை, நாற்காலியும் போகாது, பிள்ளையும் பிழைக்கும். ஆனால் அந்த அப்பன்காரன் என்ன சொல்வான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பேசுகிற பிள்ளைக்கு எதற்கு டெஸ்ட் என்பான். அவள் எழுதிய இருபத்தாறும் வரிசையாக வந்து அவள் முன்னால் நிற்கும். மாமனார் விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை, கிழவருக்குப் பார்க்கவேண்டிய டாக்டரெல்லாம் பார்த்து முடித்திருந்தார்கள். வேலை போகும். ஊரெல்லாம் தெரியும். இந்த வயசில் வேறெங்கே போய்க் குந்துவது? மணி பத்து ஐம்பது. நறுமுகை இன்னும் மொண்டுகொண்டுதான் இருந்தாள்.

அவர்கள் பதினோரு மணிக்கு டாணென்று வந்தார்கள். அப்பா குகன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சிந்துஜா நேற்றுப்போலவே கையைப் பிடித்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் பாய் விரித்து, நடுவில் ஃபைல், பக்கத்தில் நறுமுகை, அவளுக்குக் கரண்டியும் டப்பாவும் ஒரு பேசின் தண்ணீரும். நந்திதா முதல் பக்கத்தைத் திறந்தாள், சிந்துஜா மழையை வாய்விட்டுப் படித்தாள், படிக்கும்போதே குரல் உடைந்தது. 'குழந்தையோட அகம் அப்படியே தெரியுது பாருங்க' என்றாள் நந்திதா. அகம்! வசுமதி, 'அந்தக் காது டெஸ்ட்டைத் திரும்ப எழுதி வாங்குங்க' என்றாள். சத்தம் கோழி கூவுகிற மாதிரி வந்தது. குகன் சிரித்தான். 'இவ்வளவு பேசற பிள்ளைக்கு எதுக்குங்க அக்கா?' 'எக்ஸாக்ட்லி' என்று நந்திதாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வசுமதியைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. இவர்களிடம் வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று வசுமதிக்குத் தோன்றியது, வாயால் சொன்னதாக எழுதினால் நம்புகிற ஜனம், வாயால் சொன்னால் நம்பாது. எழுந்து போய்க் குக்கர் மூடியையும் ஐந்தாறு தட்டையும் அள்ளிக்கொண்டு வந்தாள், நறுமுகையின் முதுகுக்குப் பின்னால் நின்றாள், கையை விட்டாள்.

குகன் துள்ளி எழுந்துவிட்டான். நந்திதா 'வசு அக்கா!' என்று உண்மையாகவே கத்தினாள். சிந்துஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கை அப்படியே நிற்கப் பிள்ளையைப் பார்த்தாள். நறுமுகை டப்பாவைக் கவிழ்த்துவிட்டு மறுபடி மொண்டாள். கடைசித் தட்டு சுழன்று சுழன்று ஓய்ந்தது. அப்புறம் சிந்துஜா ஃபைலைத் தன் பக்கம் திருப்பி, மழையின் மேல் விரல் வைத்தாள். 'அப்ப இது யாருங்க சொன்னது?' அவள் குரலில் அழுகைகூட இல்லை. 'நாந்தானுங்க' என்றாள் வசுமதி. சிந்துஜா பக்கத்தைப் புரட்டினாள். 'இது?' 'நாந்தான்.' 'இந்த எறும்பு?' 'நாந்தான்.' 'அம்மா மாதிரி வாசம்னு சொன்னதாப் போட்டிருக்கே, இது?' அதற்கு மட்டும் வசுமதி பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். 'நாந்தானுங்க.' நந்திதா ஃபைலை மூடப் பார்த்தாள், சிந்துஜா அவள் கையைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், ஒன்றையும் விடுவதாக இல்லை, கேட்டுக்கொண்டே போனாள், வசுமதியும் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் எப்போதோ நறுமுகை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்திருந்தாள், வழக்கம்போல வசுமதியின் உதட்டையே பார்த்தாள். ஒரே அசைவு, மறுபடி மறுபடி. இருபத்தாறாவது பக்கத்துக்கு வரும்போது அந்தப் பிள்ளையின் உதடும் சேர்ந்து அசைந்தது, வாய் திறந்து, நாக்கு மேலண்ணத்தில் பட்டு, மூடி, நாந்தான் என்று, சத்தமே இல்லாமல். சிந்துஜா புரட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். அதை எழுதிக்கொள்ள அங்கே யாரும் போனை எடுக்கவில்லை.